மே தினக் கோழிச் சுடல்: வெளியே கருகி, உள்ளே பச்சையாக இருந்தால்

தணலை அடுப்பு முழுவதும் பரப்பாதீர்கள். ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கோழிக்காலைத் தணல் இல்லாத பக்கத்தில் வைத்து, மூடிபோட்டு 35 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். நிறம் பிடிக்க மட்டும் கடைசியில் தணலுக்கு மேல் கொண்டுவாருங்கள். கல்லடி வீட்டு முற்றத்தில் சென்ற முறை வெளியே கருகி எலும்போரம் பச்சையாக இருந்தது என்றீர்களே, அதற்கு மருந்து இதுதான்.

கருகியதற்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் தடவிய தக்காளிச் சோஸும் சீனியும். இறைச்சி வேகுமுன் சீனி கருகிவிடும். ஊறவைக்க உப்பு, மிளகு, உள்ளி, இஞ்சி, தேசிக்காய்ப் புளி போதும். சோஸைக் கடைசி 5 நிமிடத்தில் பூசுங்கள். சிரட்டைக்கரி என்றால் சூடு இன்னும் கடுமை. சுவாலை அடங்கிச் சாம்பல் பூத்த பிறகே கோழியை வையுங்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலுடன் வரும் நண்பரைக் கிளித்தட்டு விளையாட அனுப்பிவிடுங்கள். இறைச்சி முழுக்க அந்த வாடைதான் அடிக்கும்.

வெந்ததா என்று பார்க்க, தடித்த இடத்தில் எலும்பில் படாமல் சமையல் வெப்பமானியைக் குத்துங்கள். 74 பாகை செல்சியஸ் காட்டவேண்டும். அப்படிக் காட்டியும் எலும்போரம் சிவப்பாகத் தெரிந்தால் பயம் வேண்டாம், இளங்கோழியில் அது இயல்பு.

ஒன்று: கச்சான் (தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று) எழும்பினால் மேலே சொன்ன நேரக் கணக்குப் பொய்த்துவிடும், பொறியும் பறக்கும். கிடுகு வேலிக்குக் கிட்ட அடுப்பு வேண்டாம். இன்னொன்று: விருந்தைப் போயா (பௌர்ணமி) விடுமுறைக்குத் தள்ளிவைத்தால் கோழியை முதல்நாளே வாங்கிவிடுங்கள். போயா அன்று இறைச்சிக்கடை பூட்டு.