அண்ணாச்சி பதில்கள்: சித்திரை வரை காத்திருக்கலாமா?

கேள்வி:

அண்ணாச்சிக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் அப்பா 1988-இல் கட்டிய வீடு. நாலே கால் சென்ட். அப்பா 2011-இல் தவறிவிட்டார்கள். போன வருஷம் புரட்டாசியில் அம்மாவும் போய்விட்டார்கள். நான், மும்பையில் இருக்கும் அக்கா, கோவையில் இருக்கும் தம்பி, மூன்று பேரும் பேசி வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். இப்போதே ஒருவர் 48 லட்சத்துக்குக் கேட்கிறார். தரகர், 'சித்திரை வரைக்கும் பொறுங்கம்மா, 54, 55 வரும்' என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் மகளும், 'இங்கேயும் வசந்த காலத்தில்தான் வீடு நல்ல விலைக்குப் போகும், அவசரப்படாதே' என்கிறாள். பட்டா, தீர்வை ரசீது எல்லாம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. இந்தக் கார்த்திகையிலேயே கொடுத்துவிடவா, சித்திரை வரை வைத்திருக்கவா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி 48 லட்சமும் இல்லை, 55 லட்சமும் இல்லை. 'பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது' என்று கடைசிப் பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். முப்பத்து நாலு வருஷம் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன், இந்தக் கார்த்திகையில் நீங்கள் விற்க நினைத்தாலும் விற்க முடியாது. அதனால் எந்த மாதம் விற்கலாம் என்பதை அப்புறம் பேசுவோம். இந்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் இறப்புச் சான்று வேண்டும். இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று வேண்டும். நிறையப் பேர் அப்பாவுக்கு மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு வாங்காமல் விட்டுவிடுவார்கள். அப்பாவுக்கு அப்புறம் அம்மாவுக்கும் அந்த வீட்டில் ஒரு பங்கு வந்திருக்கிறது, அந்தப் பங்குதான் இப்போது உங்கள் மூன்று பேருக்கும் இறங்குகிறது. பிறகு பட்டாவை மூன்று பேர் பெயருக்கும் கூட்டாக மாற்ற வேண்டும். வாங்குகிறவர் வங்கிக் கடன் போட்டால், வங்கி வக்கீல் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று கேட்பார். 1988-இல் கட்டினார்கள் என்கிறீர்கள். மனை வாங்கிய தாய்ப்பத்திரம் அதற்கும் முந்தியது. அது பீரோவில்தான் இருக்கிறதா, இல்லை எப்போதோ வாங்கிய கடனுக்காக எங்கேயாவது கிடக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். எடுத்ததும் பழைய அடமானம் ஏதாவது ரத்தாகாமல் நிற்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். கடனை எப்போதோ அடைத்திருப்பார்கள், ரத்துப் பத்திரம் மட்டும் எழுதாமல் விட்டிருப்பார்கள். நான் பார்த்த பாதி வில்லங்கம் இப்படித்தான்.

இதெல்லாம் முடிய எப்படியும் தை பிறந்துவிடும். ஆகவே கார்த்திகையா, சித்திரையா என்ற கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிட்டது.

சரி, மாதத்துக்கு வருவோம். உங்கள் மகள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே பனி உருகி, புல் பச்சை பிடித்து, மரம் துளிர்க்கும்போது வீடு பார்க்க ஆள் வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் குடி போய்விட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நமக்கும் பள்ளிக்கூடக் கணக்கு உண்டு, ஆனால் நம் பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. அதோடு நம் ஊரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, பால்காய்ப்புக் கணக்கு. பங்குனியில் பால் காய்ச்ச மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் காய்ச்சுவார்கள். ஆனியில் மறுபடி யோசிப்பார்கள். ஆடியில் பத்திர ஆபீஸ் வாசலே வெறிச்சென்று இருக்கும். ஆகவே வீடு வாங்குகிறவர் வைகாசிக்குள் குடியேற வேண்டுமானால், சித்திரையில் பதிவு முடிய வேண்டும். சித்திரையில் பதிவு முடிய, மாசி, பங்குனியில் விலை பேசி முடித்திருக்க வேண்டும். வங்கிக் கடன் கைக்கு வரவே சில வாரங்கள் போய்விடும். சித்திரையில்தான் வீட்டைக் காட்டவே ஆரம்பிப்பேன் என்றால், பதிவு ஆனியில் போய் நிற்கும்.

உங்கள் தரகர் சித்திரை என்று சொன்னது தப்பில்லை. ஆனால் வீட்டைக் காட்ட எனக்குப் பிடித்த நாள் பங்குனி உத்திரம். நம் சீமையில் அன்றைக்கு யார்தான் ஊருக்கு வரவில்லை? சென்னை, மும்பை, துபாய் என்று எங்கே இருந்தாலும், சாஸ்தா கோயிலுக்குப் பொங்கல் வைக்கக் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து மறுநாள் சும்மாதான் இருப்பார்கள். 'பாளையங்கோட்டையில் ஒரு வீடு இருக்காம், பார்த்துட்டு வருவோமா' என்று கிளம்புவார்கள். கணவன், மனைவி, பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுவதால் முடிவும் சீக்கிரம் வரும். அதற்கப்புறம் சித்திரையில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னொரு கூட்டம் வரும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் வீடு தயாராக இருக்கட்டும். மும்பை அக்கா உத்திரத்தை ஒட்டி வருவார்களானால், கையெழுத்து வேலை எதையும் அந்தப் பத்து நாளுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கார்த்திகை மழையில் வீட்டைக் காட்டாதீர்கள். பழைய வீடு. அடுக்களைச் சுவரில், பாத்திரம் கழுவும் அங்கணத்துக்கு மேலே, ஓதம் ஏறி வெள்ளை பூத்திருக்கும். மொட்டை மாடித் தட்டட்டியில் தண்ணீர் நிற்கும். வந்தவர் விரலால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்துவிட்டு, மூன்று லட்சத்தைக் குறைத்துக் கேட்பார். மாசி வெயிலில் சுவர் காய்ந்த பிறகு, தட்டட்டிக்கு ஓடு பெயர்ந்த இடத்தைப் பார்த்துப் பூசிவிடுங்கள். ஓதத்தை மறைக்கச் சொல்லவில்லை. எங்கே இருந்து தண்ணீர் இறங்குகிறதோ அதை அடைத்துவிட்டுக் காட்டுங்கள், கேட்டால் அடைத்ததையும் சொல்லுங்கள்.

வெயில் காலத்தில் வேறொன்று தெரியும், கிணறு. கிணறு இருந்தால் அதுதான் உங்கள் வீட்டின் பெரிய சாட்சி. விவரம் தெரிந்த பெரியவர் வந்தால் பட்டாசல் கூடத்தைக்கூட சரியாகப் பார்க்க மாட்டார், நேரே புறவாசலுக்குப் போவார். உறையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பார், ஒரு சின்னக் கல்லைப் போட்டுக் காதைக் கொடுப்பார். சித்திரையிலும் 'ளொடக்' என்று சத்தம் கேட்டால், அப்புறம் அவர் முகமே மாறிவிடும். நான் பத்திரம் எழுதிய ஒரு கிரயத்தில் வீட்டுக்கு விலை படியாமல் மூன்று வாரம் இழுத்தது, கடைசியில் அந்தக் கல் போட்ட சத்தத்தில்தான் படிந்தது.

இன்னொரு கேள்வியும் இப்போது கட்டாயம் வரும். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழைக்கு அப்புறம், நம் பக்கத்தில் வீடு வாங்குகிறவர் முதலில் கேட்பது 'அன்னைக்கு இங்கே தண்ணி வந்துச்சா?' என்பதைத்தான். திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, சிந்துபூந்துறை பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். உங்கள் தெருவில் வரவில்லை என்றால் தைரியமாகச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டிலும் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வந்தது என்றால் எதுவரைக்கும் வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் விஷயம் அது.

இனி அந்த 48 லட்சக்காரர். அவரை விரட்டிவிடாதீர்கள். நிலவரத்தை உள்ளபடி சொல்லுங்கள்: 'பட்டா மாற எழுதிப் போட்டிருக்கிறோம், தையில் கைக்கு வரும், சித்திரையில் கிரயம் செய்யலாம்.' நிஜமாகவே வேண்டும் என்பவர் காத்திருப்பார். விலையும் 48-ஓடு நிற்காது, காகிதம் சுத்தமாக இருக்கும் வீட்டுக்கு அவரே ஏற்றிக் கேட்பார். தரகர் சொல்லும் 55-ஐ மட்டும் மனசில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். உங்கள் தெருவில் கடைசியாகக் கைமாறிய இரண்டு வீடு எவ்வளவுக்குப் போனது என்று நீங்களே விசாரியுங்கள். சித்திரை தாண்டியும் 55 வரவில்லை என்று ஆடி வரை இழுப்பதைவிட, வைகாசிக்குள் 51-க்குக் கொடுப்பது மேல் என்பது என் எண்ணம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் தீர்வையும் கட்ட வேண்டும், கரையானையும் பார்க்க வேண்டும்.

ஆனியில் முன்பணம் வாங்குவது மட்டும் வேண்டாம். 1996-இல் எங்கள் டவுன் வீட்டை விற்றபோது நான் செய்த தப்பு அது. ஆனி இருபதாம் தேதி முன்பணம் வாங்கினேன். 'ஆடி கழியட்டும்' என்றார் வாங்க வந்தவர். சரி என்றேன். ஊராருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறவன், தெரிந்த மனுஷன்தானே என்று எனக்கு மட்டும் கெடு எழுதாமல் விட்டேன். வாங்கிய பணத்தை என் கூடப்பிறந்த தங்கச்சி கல்யாணத்துக்குச் செலவழித்தும் விட்டேன். ஆவணி பிறந்தது. வந்தார், தார்சாச் சுவரில் ஒரு விரிசலைக் காட்டினார், விலையில் பதினைந்தாயிரம் குறைத்தால்தான் கிரயம் என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. குறைத்துத்தான் கொடுத்தேன். அந்த விரிசல் அவர் முதல் நாள் பார்க்க வந்தபோதும் இருந்ததுதான். என் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆகவே தங்கச்சி, ஒப்பந்தம் என்றால் தேதி போட்டு எழுதுங்கள். முன்பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். வீடு, மனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தப்பு, அபராதம் உண்டு. பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவார். மூன்று பேர் பங்கு போட்டாலும் மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள், பயப்படாதீர்கள், பிடித்த அந்தத் தொகை உங்கள் வரிக் கணக்கில்தான் வரவாகும். லாப வரி மூன்று பேருக்கும் தனித்தனி. 2024 ஜூலை 23-க்கு முன்பே வந்த சொத்து என்பதால், 12.5 சதவீதமா, பணவீக்கம் கழித்து 20 சதவீதமா, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம். பழைய வீடு ஆனதால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை வைத்துக் கணக்குப் போடலாம். அம்மா பங்கு போன வருஷம்தான் வந்தது என்று குழம்ப வேண்டாம், அது அப்பா காலத்துச் சொத்தாகவே கணக்கில் வரும். மார்ச் கடைசியில் பதிவு செய்வதைவிட, ஏப்ரலில் செய்தால் கணக்கு அடுத்த வருஷத்துக்குப் போகும், மூச்சு விட நேரம் கிடைக்கும். சித்திரை எப்படியும் ஏப்ரல் நடுவில்தான் பிறக்கிறது. உங்கள் ஊர் ஆடிட்டர் ஒருவரிடம் பத்திரத்தோடு போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

கேள்வி:

அண்ணாச்சி, குற்றாலம் பக்கம் சின்ன வீடு வைத்திருக்கிறேன். எனக்கும் சித்திரைதானா?

ஒரு வாசகர், தென்காசி

பதில்:

உங்களுக்கு வேறு கணக்கு, தம்பி. சித்திரையில் அருவியில் பாறைதான் தெரியும். ஜூனில் சாரல் விழ ஆரம்பித்ததும் ஆட்கள் வருவார்கள், ஜூலையிலும் வருவார்கள். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே 'இங்கே ஒரு வீடு இருந்தா எப்படி இருக்கும்' என்று பேசுகிற நேரம்தான் உங்களுக்குச் சந்தை. ஆனால் அது சரியாக ஆனி, ஆடி. மேலே சொன்ன என் கதை உங்களுக்கும் பொருந்தும். சாரலில் வீட்டைக் காட்டுங்கள், விலை பேசுங்கள், ஒப்பந்தத்தில் ஆவணி முதல் முகூர்த்தத் தேதியைக் கிரயத் தேதியாக எழுதி, அன்றைக்கு வராவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முகூர்த்த நாளில் பத்திர ஆபீஸில் கூடுதல் டோக்கன் கொடுத்தாலும் கூட்டம் நெரியும், காலை நேரத்து டோக்கனாகப் பார்த்து முன்னாலேயே போட்டுவிடுங்கள்.