இருவரும் வேலைக்குப் போகும் நடுத்தரக் குடும்பத்துக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது கட்டுப்படியாகுமா?

"என் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஆயாவுக்கே போய்விடும் போலிருக்கிறது, அப்புறம் நான் எதற்கு வேலைக்குப் போக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூத்தவளுக்கு ஆறு மாதம் ஆனபோது நானும் இதே கேள்வியோடு பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தவள்தான்.

ஒரே குழந்தை, முழுநேர ஆள், மொத்தச் செலவும் உங்கள் தலையில் என்றால், பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு இழுபறிதான். ஒருவரின் முழுச் சம்பளத்தை இன்னொருவர் தன் கைக்கு வரும் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், அதுவும் பெரும்பாலும் வரி போன பிறகு. காப்பகத்தில் ஒரு பணியாளரின் சம்பளத்தை மூன்று நான்கு கைக்குழந்தைகளின் பெற்றோர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வருபவர் உங்கள் பிள்ளைக்கு மட்டுமே வருகிறார். துணி துவைக்க இயந்திரம் வந்துவிட்டது, பிள்ளையைத் தூங்கவைக்க இன்னும் வரவில்லை!

நாங்கள் கோட்டை விட்டது நேரக் கணக்கில். அலுவலகம் 8 மணி நேரம்தானே என்று நினைத்தோம். மதிய இடைவேளை ஒரு மணி, போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஆக, பத்தரை மணி நேரம். நான் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்க்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த அக்கா 52 மணி நேரத்துக்கு மேல் என் வீட்டில் இருந்தார். வேலை நேரம், கூடுதல் நேரச் சம்பளம், சம்பளத்தோடு விடுப்பு ஆகியவற்றில் வீட்டு வேலை செய்பவர்களையும் மற்ற தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தும் நிலையை நாடுகள் உருவாக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011-லேயே சொல்லிவிட்டது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நாங்கள் போடவில்லை. ஏழாவது மாதம் அவர் நின்றுவிட்டார். அடுத்த ஆள் கிடைக்கும்வரை மூன்று வாரம் நானும் கணவரும் மாற்றி மாற்றி விடுப்பு எடுத்தோம்.

இன்னொன்று, ஏன் உங்கள் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடுகிறீர்கள்? பிள்ளை இரண்டு பேருக்கும்தானே. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை அல்லது கடன் தவணை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் போக 35 மிஞ்சுகிறது என்றால், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு 25 வரை கொடுத்துச் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் ஒரு மருத்துவச் செலவு வந்தாலே கடன்தான். (இது என் அனுபவக் கணக்கு.) வேலையை விட்டால் போவது இன்றைய சம்பளம் மட்டுமில்லை, சம்பள உயர்வும் ஓய்வூதியச் சேமிப்பும் சேர்ந்தே போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வருமான இடைவெளி இன்று பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகே விழுகிறது என்று காட்டியவர் கிளாடியா கோல்டின். 2023-இல் பொருளாதார நோபல் பெற்றவர்.

அடுத்த முறை அதே கட்டடத்தில் இருந்த இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டோம். ஒரு ஆள், இரண்டு குழந்தைகள். வழக்கமான சம்பளத்தில் ஒன்றரை மடங்கு அவருக்கு, எங்கள் பங்கு முக்கால் மடங்கு. இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தூங்க மாட்டார்கள், ஒன்றுக்குச் சளி என்றால் மற்றதுக்கும் வரும், அது தனிக் கூத்து. ஆனாலும் இரண்டரை வயது வரை ஓட்டிவிட்டுத்தான் காப்பகத்தில் சேர்த்தோம். சின்னக் குழந்தைகளுக்கு வருடத்தில் ஆறேழு முறை சளி பிடிப்பது சாதாரணம். காய்ச்சல் என்றால் காப்பகம் திருப்பி அனுப்பிவிடும், அன்றைக்கு உங்கள் விடுப்பு போச்சு. ஆள் வீட்டில் இருந்தால் அந்த நாள்களில் பாதியாவது மிஞ்சும்.

கட்டுப்படியாகவில்லை என்றால் மணி நேரத்தைக் குறைத்துக் கேளுங்கள். ஒருவர் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வரலாம், மற்றவர் தாமதமாகக் கிளம்பலாம், இரண்டு மணி நேரம் மிச்சமாகும். சம்பளத்தில் பேரம் பேசாதீர்கள். முதலில் வந்த அக்காவிடம் நாங்கள் அதைத்தான் செய்தோம். அவர் போனது கொஞ்சம் கூடக் கொடுத்த வீட்டுக்கு.