வாசகர் கேள்வி: கார்டை பிளாக் செய்தால் போதுமா?

கேள்வி: நான் வழக்கமாகப் புடவை வாங்கும் ஆன்லைன் கடை, 'வாடிக்கையாளர் விவரங்கள் சில வெளியே போயிருக்கலாம்' என்று மெயில் அனுப்பியிருக்கிறது. பயத்தில் டெபிட் கார்டை பிளாக் செய்துவிட்டேன். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிளாக் செய்தது தப்பில்லை. ஆனால் கார்டுக்குத்தான் இதில் ஆபத்து குறைவு. 2022 அக்டோபரிலிருந்து கடைகள் கார்டு எண்ணை முழுதாகச் சேமிக்கக் கூடாது, அதற்குப் பதிலான டோக்கன் என்ற குறியீட்டைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பெரும்பாலும் வெளியே போவது பெயர், போன் நம்பர், முகவரி, மெயில், பாஸ்வேர்டு, எப்போது என்ன வாங்கினீர்கள் என்பதெல்லாம். 2020-ல் பிக்பாஸ்கெட் என்ற ஆன்லைன் மளிகைக் கடையில் சுமார் 2 கோடிப் பேரின் விவரங்கள் போயின. அடுத்த ஏப்ரலில் அவை இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. அதனால் ஆறு மாதமாக ஒன்றும் நடக்கவில்லையே என்று அசந்துவிடாதீர்கள்.

முதல் வேலை பாஸ்வேர்டு. அந்தக் கடையில் மட்டும் மாற்றினால் போதாது, அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள், முக்கியமாக மெயிலில், ஏனென்றால் மெயில் கையில் கிடைத்துவிட்டால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அமுக்கியே மற்ற கணக்குகளையும் திறந்துவிடுவார்கள். கடை அனுப்பியதாக வந்த மெயிலில் இருக்கும் லிங்க்கைத் தொடாமல் நேராக ஆப்பில் போய் மாற்றுங்கள், அந்த மெயிலே போலியாக இருக்கலாம்.

அப்புறம் போன். எனக்குப் பெரிய கவலை இதுதான். கடையிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு மோசடிக்காரர் இப்படிப் பேசலாம்: "மேடம், போன வாரம் நீங்க வாங்கின பச்சை சுங்குடிப் புடவைக்கு ஆஃபர்ல 450 ரூபாய் திரும்ப வரணும், இப்ப ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க." கலர் வரை சரியாகச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பணம் உங்களுக்கு வருவதற்கு ஓடிபியும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். போனை வைத்துவிட்டு ஆப்பில் பாருங்கள்.

பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். வங்கி மீதும் உங்கள் மீதும் தப்பில்லாமல் மூன்றாவது இடத்தில் கசிந்து போன பணம் என்றால், வங்கியின் குறுஞ்செய்தி வந்து 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நஷ்டம் உங்களுடையதல்ல என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் தலையில்தான்.

பான் எண்ணையும் அந்தக் கடைக்குக் கொடுத்திருந்தால், வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை (உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டுவது) எடுத்து, நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். புது கார்டு வந்ததும் அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆஃப் செய்து வையுங்கள், புடவை வாங்க அது தேவைப்படாது.