ஏ1 சோதினை: போறதா, தள்ளிப்போடுறதா?

தங்கச்சி, கிளிநொச்சியில இருந்து நீங்கள் கேட்டது இதுதான்: கலியாண எழுத்து முடிஞ்சுது, அவர் ஜேர்மனியில, இன்னும் மூண்டு கிழமையில கொழும்பு கோதே நிறுவகத்தில (ஜேர்மன் மொழி படிப்பிக்கிற இடம்) அவரிட்டப் போற விசாவுக்குக் கேக்கிற ஏ1 சோதினை, டொச் எண்ட ஜேர்மன் மொழியின்ர முதல் படி, படிச்சது ஒண்டும் மனசில நிக்குதில்லை, போறதா விடுறதா? குளிருக்கு என்ன உடுப்பு, என்ன வேலை கிடைக்கும் எண்டும் கேட்டிருக்கிறியள். உடுப்பு ஜேர்மனிக்கு வந்து வாங்கலாம். வேலைக் கதை பிறகு.

முதல்ல அவரின்ர வதிவிட அட்டையைப் பாருங்கோ. புளூ கார்ட் (படிச்ச வேலையாக்களுக்குக் குடுக்கிற அட்டை) எண்டால் உங்களுக்கு ஏ1 தேவையே இல்லை. வேற சில அட்டைகளுக்கும் விலக்கு இருக்கு. மற்றவைக்கு 2007இல இருந்து இது சட்டம்.

பயத்தை வைச்சு முடிவெடுக்காதேங்கோ. கோதேயின்ர இணையத்தளத்தில மாதிரி வினாத்தாள் இலவசமா இருக்கு. மணிக்கூட்டை வைச்சு ஒண்டைச் செய்யுங்கோ: கேட்டல் 20 நிமிசம், வாசிப்பு 25, எழுத்து 20. கதைக்கிற பகுதியை அவரோட ஃபோனில செய்யுங்கோ. ஒவ்வொரு பகுதிக்கும் 25 புள்ளி, மொத்தம் 60 எடுத்தால் சித்தி. பகுதி பகுதியா சித்தியடையத் தேவையில்லை. கேட்டலில 10 வந்தாலும் மற்றதுகள் தூக்கிவிடும். பிழைக்குப் புள்ளி கழிக்கிறதும் இல்லை, அதால ஒரு பெட்டியையும் வெறுமையா விடாதேங்கோ. வீட்டில 55 வந்தால் போங்கோ, மிச்சத்தை இந்த மூண்டு கிழமையில பிடிக்கலாம். 40க்குக் கீழ எண்டால் தள்ளிப்போடுங்கோ, காசு வீண்.

ரெண்டுக்கும் இடையில நிண்டால், எங்க புள்ளி போகுதெண்டு பாருங்கோ. எங்கட பிள்ளையளுக்குப் போற இடங்கள் எனக்கு நல்லாத் தெரியும். கதைக்கேக்க ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்லுவினம். ஆங்கில ஐ டொச்சில ஈ, ஆங்கில ஈ டொச்சில ஏ. கிளிநொச்சியை "கா, ஈ, எல், ஈ, என், ஓ, ட்ஸே, ஹா, ட்ஸே, ஹா, ஈ" எண்டு நித்திரையிலயும் சொல்லவேணும். 47ஐ ஜேர்மன்காரர் "ஏழும் நாப்பதும்" எண்டுதான் சொல்லுவினம். காதில முதல் விழுந்த ஏழை எழுதி 74 ஆக்கிப்போடுவம். "ஹால்ப் ஆஹ்ட்" எண்டால் ஏழரை, எட்டரை இல்லை. எட்டை நோக்கி அரை மணி போயிருக்கு எண்டு கணக்கு.

எழுத்துப் பகுதியில வாற சின்னக் கடிதத்துக்கு, 25 ஆக மாத்த முதல் போடுற கணக்கில, 10 புள்ளி. கேட்ட மூண்டு விசயத்துக்கும் மும்மூண்டு, தொடக்க வணக்கத்துக்கும் முடிவுக்கும் சேர்த்து ஒண்டு. ஒரு விசயத்தை வடிவா நீட்டி எழுதிப்போட்டு மூண்டாவதை மறந்தால் மூண்டு புள்ளி அப்பிடியே போயிடும். விசயத்துக்கு ஒரு வசனம், காணும்.

"ஏ1 என்ன, சின்னப்பிள்ளை விளையாட்டு" எண்டு உங்கட மாமா முறையானவை சொல்லுவினம். 80களில கிழக்கு பேர்லின் வழியா வந்த ஆக்கள் இந்தச் சோதினை எழுதேல்ல. ரெஸ்ரோரண்ட் குசினியில கோப்பை கழுவிக் கழுவி டொச் பிடிச்சவை. அது பெரிய கெட்டித்தனம், பெருமையாத்தான் சொல்லவேணும். ஆனா நிமிசக் கணக்கில பெட்டி நிரப்புற விசயத்தில அவையின்ர புத்திமதியைக் கேளாதேங்கோ. காசு தந்தால் சேர்ட்டிபிக்கட் எடுத்துத் தாறன் எண்டு வாற ஆக்களை வாசலிலயே திருப்பி அனுப்புங்கோ. தூதரகத்தில கண்ணாடிக்கு அங்கால இருக்கிறவர் டொச்சில "உங்கட கணவர் எங்க வேலை செய்யிறார்?" எண்டு கேட்கக்கூடும். முழிச்சியள் எண்டால் அந்தக் கடதாசியில சந்தேகம் வரும். சோதினையில விழுந்தால் அப்பிடி ஒண்டும் இல்லை, திரும்ப எத்தினை தரமும் எழுதலாம், முழுசா எழுதவேணும், அவ்வளவுதான்.

போறதெண்டு முடிவெடுத்தால் பாஸ்போர்ட்டையும் பதிவில குடுத்த பேரையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கோ. முதல் நாளே கொழும்புக்குப் போய் நில்லுங்கோ. ஏ9 றோட்டால இரவு பஸ்ஸில குலுங்கிப்போட்டு நேர மண்டபத்துக்குள்ள போனால் காது அடைச்ச மாதிரி இருக்கும். கேட்டலின்ர ரெண்டாம் பகுதியில வாற அறிவித்தல்களை ஒருதரம் மட்டும்தான் போடுவினம்.