வாசகர் கேள்வி – பதில்: புல்லிடைக் குருவிகளைப் படமெடுக்க

கேள்வி: பெங்களூரு ஜக்கூர் ஏரிக்கு ஞாயிறு காலைகளில் போகிறேன். கையில் இருப்பது 70-300 மி.மீ. லென்ஸ். கூழைக்கடாவும் நீர்க்காகமும் நன்றாக விழுகின்றன. கோரைக்குள் தாவும் சின்னக் குருவிகள் மட்டும் வெறும் புள்ளிதான். 600 லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா?
– வாசகர், அல்சூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கோரையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சாம்பல் கதிர்க்குருவியாக இருக்கும். நீளம் சுமார் 13 செ.மீ. ஏபிஎஸ்-சி (ஃபுல்ஃபிரேமை விடச் சிறிய) சென்சார் கேமராவில் 300 மி.மீ. வைத்து 12 மீட்டரிலிருந்து எடுத்தால், படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் குருவி. 6 மீட்டரில் கால் பங்குக்கும் மேல் வந்துவிடும். 600 லென்ஸ் தருவதும் இதே இரட்டிப்பைத்தான். ஆனால் அந்த 6 மீட்டரை நீங்கள் நடந்து குறைக்கப் பார்த்தால் குருவி உள்ளே போய்விடும். அதுதான் உங்களிடம் வர வேண்டும்.

வரவும் செய்யும். பாடும் ஆண் குருவி திரும்பத் திரும்ப ஒருசில தண்டுகளின் நுனிக்கே வந்து உட்காரும். முதல் கால் மணி நேரம் கேமராவைத் தொடாமல், எந்தத் தண்டு என்று தள்ளி நின்று பாருங்கள். அது புதருக்குள் இறங்கியதும் போய், வெயில் முதுகில் படுமாறு தரையில் உட்காருங்கள். நின்றால் உங்கள் உருவம் வானத்தின் பின்னணியில் துருத்தித் தெரியும். பிறகு அசையாமல் இருப்பதுதான் வேலை.

ஷட்டர் வேகம் 1/1250 நொடிக்குக் குறைய வேண்டாம். இந்தக் குருவிகள் ஓயாமல் தலையைத் திருப்பும். 1/400-ல் உடல் தெளிவாக இருக்கும், கண் கலங்கியிருக்கும். அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/6.3, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) ஆட்டோவில், உச்ச வரம்பு 6400. இருட்டாக எடுத்துப் பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றினால் படத்தில் மணல் தூவியது போன்ற நாய்ஸ் இன்னும் மோசமாகத் தெரியும். ஃபோகஸுக்கு ஒற்றைச் சிறு புள்ளியைத் தேர்ந்தெடுத்துக் குருவியின் கண்ணில் வையுங்கள். 6 மீட்டரில் தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகக் கூர்மையாக விழும் தூரம், மொத்தமே 10 செ.மீ. அளவுதான். ஃபோகஸ் ஒரு சாண் முன்னால் உள்ள கோரையைப் பிடித்தால் குருவி போயிற்று. பின்னால் தண்ணீர் பளபளத்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள்.

கேள்வி: ஹெசரகட்டா புல்வெளியில் ஒன்பது மணிக்கு மேல் எடுத்த படம் எல்லாமே நெளிந்து, மங்கலாக வருகிறது. லென்ஸ் பழுதா?
– வாசகி, எலஹங்கா

பதில்: லென்ஸைச் சந்தேகிக்கும் முன், விடிகாலையில் 5 மீட்டரில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை எடுத்துப் பாருங்கள். எழுத்து கூர்மையாக இருந்தால் குற்றவாளி சூடேறிய தரைக்காற்று. அதற்கு எந்த விலையுயர்ந்த லென்ஸும் மருந்தல்ல. தரையை ஒட்டித்தான் நெளிவு அதிகம். நெட்டைக்காலியும் வானம்பாடியும் நடமாடுவதும் அங்கேதான். ஆகவே எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மேகம் மூடிய நாளில் போங்கள்.

காரிலிருந்து எடுப்பவர் என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு கிலோ அரிசி நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் போட்டு லென்ஸைத் தாங்குங்கள். பானெட்டுக்கு மேலாக எடுக்காதீர்கள். அங்கிருந்தும் சூடு எழும். தடத்தை விட்டுப் புல்லில் வண்டியை இறக்கவே கூடாது. இந்தப் பறவைகள் தரையில்தான் முட்டையிடுகின்றன. சக்கரத்தடியில் போவது நம் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: கைபேசியில் அதே இனத்தின் குரலை ஒலிக்கவிட்டால் குருவி உடனே வருகிறதே, செய்யலாமா?
– வாசகர், மல்லேஸ்வரம்

பதில்: செய்யாதீர்கள். எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது இரையையும் கூட்டையும் விட்டு ஓடி வருகிறது. கூட்டருகே என்றால் இன்னும் கேடு. கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அலகில் புழுவோடு குருவி கூட்டுக்குப் போகாமல் உங்களைப் பார்த்துக் கத்தினால், அது உள்ளே போகும்வரை பின்வாங்குங்கள்.