வாசகர் கேள்வி: காட்டுப் பாதை இறக்கத்தில் சைக்கிள் சறுக்குவது ஏன்?

கேள்வி: மலைக்காட்டு ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். செங்குத்தான இறக்கங்களில், குறிப்பாக மழைக்குப் பின், பின்சக்கரம் சறுக்குகிறது. டயரில் இன்னும் கூடுதலாகக் காற்றடித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது, சறுக்கல் அதிகரிக்கவே செய்யும். காற்று மிகுந்த டயர் கல்லிலும் வேரிலும் படியாமல் துள்ளும். டியூப் இல்லாத அகலமான டயருக்கு, ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து, ஏறத்தாழ 20 முதல் 30 பிஎஸ்ஐ வரை போதும். டியூப் உள்ள டயரில் சற்றுக் கூடுதலாக வைக்கலாம். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும்.

ஆனால், காரணம் பெரும்பாலும் பிரேக் பிடிக்கும் முறையாகவே இருக்கும். இறக்கத்தில் எடை முன்சக்கரத்துக்கு மாறிவிடுவதால் பின்சக்கரம் தரையை மெல்லவே அழுத்துகிறது. அப்போது பின்பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. முன்பிரேக்கைத் தொட அஞ்சுவது புதியவர்களுக்கு இயல்புதான் என்றாலும், நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. இருக்கையைத் தாழ்த்தி, பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு எழுந்து நின்று, இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரு பிரேக்குகளையும் ஒற்றை விரலால் சீராக அழுத்துங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஈர வேர்களைச் சாய்வாக அல்லாமல் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். அந்தக் கணத்தில் பிரேக்கைத் தொடவே கூடாது.

மழை விட்ட உடனே செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேற்றில் ஆழப் பதியும் டயர்த் தடத்தில் அடுத்த மழைநீர் ஓடிப் பாதையையே அரித்துவிடும்.