மெகாஃபோன் போட்டால் பவர் கூடுமா?

கேள்வி: என்னிடம் 1969 மாடல் டிரையம்ஃப் பானவில் டி120 இருக்கிறது. இன்ஜினில் இதுவரை எதையும் மாற்றியதில்லை. சைலன்சர் இரண்டையும் கழற்றிவிட்டு, முனை வரை விரிந்துகொண்டே போகும் மெகாஃபோன் குழாய் போட்டால் நல்ல பவர் கிடைக்கும் என்கிறார் ஒரு டீலர். பழைய ஜோடியை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துத் தருவாராம். என் நண்பரின் பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு அவர்தான் சைலன்சர் மாற்றிக் கொடுத்தார், அது இப்போது பறக்கிறது. நானும் மாற்றலாமா? கார்புரேட்டரில் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்தப் பழைய ஜோடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் டீலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் “பழசைக் கொடுங்க, கழிச்சுக்கலாம்” என்ற பேச்சில் லாபம் புதுக் குழாயில் இல்லை, நீங்கள் கொடுக்கும் பழையதில் இருக்கிறது. வண்டியோடு பிறந்த சைலன்சருக்காக அலையும் ஆட்கள் உலகம் முழுக்க உண்டு. இன்று நகலாகச் செய்து விற்பவை வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருக்கும் தடுப்புகள் பெரும்பாலும் வேறு. பழைய இரும்பு என்று கழித்துக்கொண்டதை அவர் யாருக்கு, என்ன விலைக்கு விற்பார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். “அந்தக் காலத்து ஸ்டாக், பெட்டி பிரிக்காதது” என்று ஒன்றைக் காட்டினாலும் கவனம். அட்டைப்பெட்டியைப் பழையதாக்குவது ஒன்றும் பெரிய கலை இல்லை.

இனி பவர் விஷயம். சத்தம் கூடினால் வேகம் கூடியது போலத் தோன்றும். அது காது செய்யும் வேலை. உண்மையில் நடப்பது இதுதான்: எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அது வந்து சேர்ந்தால், எரிந்த வாயுவை வெளியே இழுத்துப் புதுக் கலவைக்கு வழிவிடும். நேரம் தவறி வந்தால் காரியத்தைக் கெடுக்கும். எந்த ஆர்பிஎம்மில் இது சரியாகப் பொருந்தும் என்பதைக் குழாயின் நீளமும் அகலமும்தான் முடிவு செய்கின்றன. “இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் (குழாய் தரும் எதிரழுத்தம்) வேணும்” என்று சொல்பவரும் சரி, “எவ்வளவு திறந்தால் அவ்வளவு நல்லது” என்று சொல்பவரும் சரி, இந்த அலையை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

தடுப்பில்லாத மெகாஃபோன் ரேஸுக்குப் பிறந்த பொருள். உச்ச வேகத்தில் அள்ளிக் கொடுக்கும், அதற்குக் கீழே ஓரிடத்தில் இன்ஜின் இருமி இழுக்காமல் நிற்கும். இந்த வியாதிக்கு ரேஸ்காரர்கள் ‘மெகாஃபோனைட்டிஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். மேங்க்ஸ் நார்ட்டன் என்ற ரேஸ் பைக்கை ஓட்டியவர்கள் வளைவிலிருந்து வெளியே வரும்போது கிளட்சை நழுவவிட்டு ஆர்பிஎம்மைத் தூக்கிப் பிடித்ததெல்லாம் இதனால்தான். நீங்கள் சிக்னலிலும் மேட்டிலும் ஓட்டுபவர். டீலர் காட்டும் கிராஃபில் உச்சிப் புள்ளி மட்டும் சிவப்பில் வட்டமிட்டிருக்கும். நடுவில் விழுந்திருக்கும் பள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள். கேம்ஷாஃப்ட், ஹெட், கார்புரேட்டர் எல்லாம் கம்பெனி அளவிலேயே இருக்க, குழாயை மட்டும் மாற்றி ஒன்றிரண்டு குதிரைத்திறன் கிடைத்தாலே பெரிய விஷயம்.

நண்பரின் டூ ஸ்ட்ரோக் கதை வேறு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஓர் உதாரணத்தைக் காட்டித்தான் எல்லோரிடமும் விற்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் வால்வே கிடையாது, சிலிண்டர் சுவரில் ஒரு துளைதான். அது திறந்திருக்கும் நேரத்தில் புதுக் கலவையும் வெளியே ஓடிவிடும். குழாயின் விரியும் பகுதி முதலில் வாயுவை உறிஞ்சி இழுக்கிறது. பின்னால் குறுகும் பகுதி ஓர் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, ஓடிவந்த கலவையைத் துளை மூடுவதற்குள் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. ஆக அங்கே குழாய் என்பது இன்ஜினின் ஓர் உறுப்பு. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950-களில் இதை விடாமல் செதுக்கி, 1961-ல் ஒரு 125 சிசி இன்ஜினில் 25 குதிரைத்திறன் எடுத்தார். லிட்டருக்கு 200! அந்த ஆண்டே அவருடைய ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் அந்த ரகசியத்தோடு மேற்கே தப்பிப் போய் சுசுகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஒரு குழாயின் ரகசியத்துக்கு அவ்வளவு மதிப்பு. இன்னொன்று, பழைய டூ ஸ்ட்ரோக் சைலன்சர் எண்ணெய்க் கரியால் பாதி அடைத்துக் கிடக்கும். நண்பருக்கு வந்த வேகத்தில் எவ்வளவு புதுக் குழாயால் வந்தது, எவ்வளவு அடைப்பு போனதால் வந்தது என்று யாராவது பார்த்தார்களா? சுத்தம் செய்திருந்தாலே பாதி காரியம் முடிந்திருக்கலாம். எப்படியானாலும் உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக், அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

கார்புரேட்டர் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. டீலர் அதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பிடிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டால் காற்றோட்டம் கூடும், பெட்ரோல் பழைய அளவிலேயே வரும், கலவை மெலியும். மெலிந்த கலவை சூட்டைக் கிளப்பும். பெண்ட் பைப் (ஹெட்டிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த குழாய்) நீலம் பாய்வது ஆரம்பம், அப்படியே ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டனும் போகும். உங்கள் அமல் கார்புரேட்டரில் மெயின் ஜெட் (பெட்ரோல் விடும் சிறு துளை) எண் என்பது நிமிடத்துக்கு எத்தனை சிசி பெட்ரோல் விடும் என்ற அளவு, பத்துப் பத்தாகக் கூடும். 190 இருந்தால் 200, அப்புறம் 210, இரண்டு கார்புரேட்டரிலும் ஒன்றுபோல. ஆனால் மெயின் ஜெட் பேசுவது முக்கால் திராட்டிலுக்கு மேலேதான். கால் முதல் முக்கால் வரை நீடில் என்ற கூர் ஊசி பார்த்துக்கொள்ளும், அதன் கிளிப்பை ஒரு படி ஏற்றியோ இறக்கியோ பார்க்க வேண்டியிருக்கும். ஜெட் வாங்கித் தராமல் குழாய் மட்டும் விற்பவர் உங்களுக்கு அரை வேலைதான் விற்கிறார்.

இன்னொரு பொறி. உங்கள் மாடலில் ஹெட்டுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பெண்ட் பைப்பையும் இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்று இருக்கும். அதன் வழியாக ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சைலன்சரையும் பயன்படுத்திக்கொள்கிறது. “இது அழகைக் கெடுக்குது” என்று அதைத் தூக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். புதுக் குழாயைத் தாங்கப் பிராக்கெட் சரியாக இல்லையென்றால் அதிர்வெல்லாம் பெண்ட் பைப் மாட்டுவதற்காக ஹெட்டில் திருகியிருக்கும் குட்டைக் குழாயான ஸ்டப்புக்குப் போய், அலுமினியத்தில் உள்ள மரை கழன்றுவிடும். அதைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு ஜோடி வாங்கலாம். பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உலர்ந்த நிலையில் சுரண்ட வேண்டாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, குழாயில் பதித்த ஒப்புதல் முத்திரையைக் காட்டி “முத்திரை இருக்கு, கவலையே வேண்டாம்” என்பார்கள். அந்த முத்திரை எந்த மாடலுக்கு வாங்கியது? வேறொரு வண்டிக்காகச் சோதித்தது உங்கள் வண்டிக்குச் செல்லாது. உள்ளே திருகியிருக்கும் சத்தத் தடுப்பைக் கழற்றினால் அந்த மாடலுக்கே செல்லாது. கடுப்பேற்றுவது என்னவென்றால், பரிசோதனையில் பல இடங்களில் முத்திரை எண்ணைத்தான் குனிந்து பார்க்கிறார்கள், காதைத் தீட்டுவதே இல்லை. தடுப்பை மாட்டிக்கொண்டு பாஸ் ஆகி, வாசலைத் தாண்டியதும் கழற்றுபவன் தப்பிக்கிறான். முத்திரை என்ற பேச்சே இல்லாத காலத்து சைலன்சரை ஒழுங்காக வைத்திருப்பவர் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

ஆகவே மாற்றுவதற்கு முன் வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங், கம்பரஷன், கார்புரேட்டர் ஸ்லைடின் தேய்மானம், ஸ்டப்பில் காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்றும். இந்த வயது வண்டியில் காணாமல் போன பவர் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். அதற்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், உள்ளே தடுப்புள்ள மெகாஃபோன் வாங்கிப் போடுங்கள். பழைய ஜோடிக்கு உள்ளே எண்ணெய் தடவி, துணி சுற்றி ஈரமில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். இப்போது இருக்கும் மெயின் ஜெட் எண், நீடில் கிளிப் எந்தப் படியில் இருக்கிறது, இரண்டு பிளக்கின் நிறம், இவற்றை எழுதி அனுப்பினால் எந்த ஜெட்டில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.